பூ ஏற்றினால் மட்டும் திணறும் வேன்

4 மே 2009, திங்கள்

காலை ஏழுக்கே வெயில். பேருந்தில் நிலக்கோட்டை பூ மார்க்கெட். உட்கார இடமில்லை. வியாபாரி பெருமாளின் பழைய டீசல் வேனைப் பழுதுபார்க்கக் கூப்பிட்டிருந்தார்கள். மல்லிகை ஏற்றிப் புறப்பட்டுப் பத்து நிமிடத்தில் திணறல், கரும்புகை. நின்றேவிட்டதாம். நான் போவதற்குள் பூவை வேறு வண்டிக்கு மாற்றி, வேனைக் கட்டி இழுத்து வந்திருந்தார்கள்.

ஸ்டார்ட் செய்தேன். நன்றாகவே ஓடியது. எரிச்சல்.

பெருமாள்: "டிப்ளமா படிச்ச ஆளு, ஒன்னுமே தெரியலையா?"

"மண்ணெண்ணெய் கலந்தாலும் இப்படித் தெணறும்" என்றேன். வாய்க்கு வந்ததைச் சொன்னேன். சுற்றிலும் முப்பது பேர். டிரைவர் ராசேந்திரன் என்னையே பார்த்தார். பதினோரு வருடமாக அவர்தான் டிரைவர். பெருமாள் அங்கேயே கையை நீட்டினார். "சாவியக் குடு. டீசல வித்துத் தின்ன பயலுக்கு வண்டி எதுக்கு?"

சாவி என் கைக்கு வந்தது. வேனை நானே ஓட்டி நாகல் நகர் பட்டறைக்குக் கொண்டுவந்தேன்.

5, செவ்வாய்

டேங்க் முழுக்க இறக்கிப் பார்த்தேன். சுத்தமான டீசல். சொட்டு மண்ணெண்ணெய் இல்லை.
ஃபில்டர் சரி.
இன்ஜெக்டர் நாலும் சரி.
பம்ப் டைமிங் சரி.
முதுகு சரியில்லை.

பெருமாளுக்குப் போன். டீசல் சுத்தம், டிரைவர் மேல் தப்பில்லை என்றேன்.

"அப்ப எதுனால தெணறுச்சு?"

"பாத்துக்கிட்டு இருக்கேன்."

"பாத்துட்டுச் சொல்லு. அதுவரைக்கும் அவன் களவாணிதான்."

6, புதன்

இ.ஜி.ஆர். மேல் சந்தேகம். புகையில் ஒரு பங்கைத் திரும்ப எஞ்சினுக்குள் விடும் வால்வு. ஓடும்போது திறக்கலாம். வண்டி நிற்க எஞ்சின் மட்டும் ஓடும் ஐடிலிலும், ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதிக்கும்போதும் மூடியே இருக்கவேண்டும். மூடாவிட்டால் எஞ்சின் தன் புகையைத் தானே குடித்துத் திணறும். கழற்றினேன். விரல் கனத்துக்குக் கரி. சுரண்டி, கழுவி, மாட்டி, பழனி ரோட்டில் இருபது கிலோமீட்டர். ஒரு திணறலும் இல்லை. சரியாகிவிட்டதா, வராமல் போக்குக் காட்டுகிறதா? தெரியவில்லை.

நகக்கண்ணில் கரி. மெஸ்ஸில் சோற்றை ஸ்பூனால் தின்றேன். பக்கத்து இலைக்காரர் என் பொரியலைக் காட்டி: "தொரை வெஞ்சனத்தையும் கரண்டியிலதான் திம்பாரு போல."

7, வியாழன்

மணல் மூட்டை பத்து ஏற்றி ஓட்டினேன். சாதுவாக ஓடுகிறது. ஆக, பாரம் காரணமில்லை.

சின்னாளப்பட்டி, ராசேந்திரன் வீடு. தறிச் சத்தத்தில் கத்திப் பேசவேண்டியிருந்தது. உட்காரச் சொல்லவில்லை.

"பூ ஏத்துனாத்தான் தெணறும். காலியா வந்தா ஒன்னும் பண்ணாது. அன்னிக்கே சொல்ல வந்தேன். நீ எங்க கேட்ட?"

அவர் மனைவி தறியை நிறுத்தாமலே: "மாப்ள வீட்டுக்காரக வரைக்கும் சேதி போயிருச்சு தம்பி. களவாணி வீட்டுல பொண்ணு எடுக்க யோசிக்கிறாகளாம்."

தண்ணீர்கூடக் கேட்காமல் வந்துவிட்டேன்.

8, வெள்ளி

விடிகாலை மார்க்கெட். பெருமாள் ஸ்டியரிங்கில், நான் பக்கத்தில். இந்த வேனில் எஞ்சின் இரண்டு சீட்டுக்கும் நடுவே, மூடிக்கு அடியில். அந்த மூடி மேல் ஒரு சாக்கு மூட்டையைத் தூக்கி வைத்தார்.

"இது என்ன?"

"கோயில் மூட்டை. சாமிக்குப் போற பூ. பின்னால போட்டா பயலுக காலு படும்."

எஞ்சின் சூட்டுக்கு வாடிவிடுமாம்; வெயில் காலத்தில் தினமும் இப்படித்தானாம். ஒரு குடம் தண்ணீரை அதன் மேல் ஊற்றினார். என் செருப்பு வரை நனைந்தது.

பாதி வழியில் திணறல். கரும்புகை. எஞ்சினை அணைக்காமல் வண்டியை நிறுத்தச் சொல்லி, மூட்டையை நகர்த்தி மூடியைத் தூக்கினேன். இ.ஜி.ஆர். வால்வின் வேக்குவம் குழாயைப் பிடுங்கினேன். திணறல் நின்றது. மாட்டினேன். திணறியது. வேக்குவம், அதாவது காற்றை உறிஞ்சும் இழுப்பு, அந்த வால்வைத் திறக்கும். திரும்ப மூட வெளிக்காற்று உள்ளே போகவேண்டும். காற்று போகும் ஓட்டையில் ஒரு பஞ்சு. அது கோயில் மூட்டைத் தண்ணீரில் சொதசொதவென்று ஊறிக் கிடந்தது. காற்று போகவில்லை. வால்வு மூடவில்லை. வெயிலில் காய்ந்ததும் எல்லாம் சரியாகிவிடும். நான் பார்த்ததெல்லாம் காய்ந்த வண்டியை.

"சாமி பூவக் குத்தஞ் சொல்லாத தம்பி."

"பூவச் சொல்லல. நீங்க ஊத்துன தண்ணியச் சொல்றேன்."

சாயங்காலம் சின்னாளப்பட்டி. தப்பு என்னுடையது என்றேன். ராசேந்திரன்: "எங்கிட்ட எதுக்குச் சொல்ற? மார்க்கெட்டுல அம்புட்டு பேரு கேட்டாக. அங்க வந்து சொல்லு."

9, சனி

தூக்கமில்லை. மார்க்கெட். ஏலக் கூச்சல். முதல் தடவை சொன்னது யார் காதிலும் விழவில்லை. தராசு மேடையில் ஏறி நின்று இன்னொரு தடவை கத்தினேன். டீசல் சுத்தம். நான் சொன்னது தப்பு. ராசேந்திரன் அண்ணன் எதையும் கலக்கவில்லை. "ஏலே, எறங்குடா, எடை போடணும்" என்றான் ஒருவன்.

பெருமாள் சாவியை நீட்டினார். கூட்டத்தில் நின்ற ராசேந்திரன் வாங்கவில்லை. டேங்க் மூடியைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றார்.

"மோந்து பாருங்க மொதலாளி. எல்லாரும் பாக்கட்டும்."

ஏலம் நின்றுவிட்டது. பெருமாள் சுற்றிலும் பார்த்தார். வேட்டியை மடித்துக் கட்டினார். குனிந்தார்.