லென்சிலிருந்து நான் கழற்றிய காலர்

என் உயிரான எஸ்தர் அக்காவுக்கு,

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. உன் மகள் கிருபாவுக்கு ஸ்ரீசிட்டியில் வேலை கிடைத்துவிட்டது. காலையில் கம்பெனி பஸ் பிடித்துப் போகிறாள். அத்தான் இப்போது தானே சமைக்கிறார். காரம் போடுவதில் உன்னையும் மிஞ்சிவிட்டார். போன மாதம் அவர் செய்த வறுவலைத் தின்றுவிட்டு நான் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தேன்.

இப்படியே வீட்டுக் கதை பேசிக்கொண்டு போனால், சொல்ல வேண்டியதைச் சொல்லாமலே கடிதம் முடிந்துவிடும். அது எனக்குக் கைவந்த வேலை. அதனால் நேராகவே வருகிறேன். உன் லென்சைக் கெடுத்தது நான்தான்.

நம் சபைப் பத்திரிகையில் இதைப் படிக்கப்போகிற சபையாருக்கு உன்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். திருப்பதியில் ஒரு ஆஸ்பத்திரி லேபில் இருபத்திரண்டு வருஷம் ரத்தம் எடுத்தவள் நீ. பிறந்து நாலு நாளான குழந்தையின் நரம்பைக்கூட ஒரே குத்தில் பிடித்துவிடுவாய். வீல் என்று கத்தும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருகிற தாய்மார் வாசலிலேயே, "எஸ்தரம்மா டூட்டியில இருக்காங்களா?" என்று கேட்பார்களாம். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் உனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. இருக்கலாம்தானே?

நாற்பத்தேழு வயதில் உனக்குப் பறவைப் படம் எடுக்கிற ஆசை வந்தது. சென்னையில் யாரோ விற்ற பெரிய டெலிபோட்டோ லென்சை வாங்கினாய். இரண்டு கிலோ கனம். அதன் நடுவில் ஒரு வளையம், வளையத்தின் அடியில் ஸ்டாண்டில் மாட்ட ஒரு பாதம். எங்கள் கேமராத் தொழிலில் அதைக் காலர் என்போம். அதைத் தூக்கிக்கொண்டு சித்தூரில் என் ஸ்டூடியோவுக்கு வந்தாய்.

"இந்த வளையம் கட்டாயம் வேணுமாடா? இல்லாமலும் மாட்டலாமா?"

"அது சும்மா அழகுக்கு வெச்சிருக்கான் அக்கா. கேமராவையே ஸ்டாண்டுல மாட்டிட்டா போதும்."

"புக்குல வேற மாதிரி போட்டிருக்குதே. லென்ஸ் வெயிட்டு, காலர்லதான் மாட்டணும்னு."

"புக்கு எழுதினவன் நம்ம ஊர்ல ஒரு கல்யாணம் எடுத்திருப்பானா?"

கடையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். ஆனாலும் நீ புத்தகம் சொன்னபடிதான் செய்தாய். ஒருநாளும் காலர் இல்லாமல் அதை ஸ்டாண்டில் ஏற்றியதில்லை.

ஏற்றியது நான். புத்தூர்ப் பக்கம் ஒரு காலேஜில் ஸ்போர்ட்ஸ் டே. தூரத்து ஓட்டத்தை எடுக்க உன் லென்சைக் கேட்டேன். "எடுத்துக்கினு போடா, பார்த்து" என்றாய். என் ஸ்டாண்டின் பிளேட் ஏற்கெனவே கேமராவின் அடியில் திருகியிருந்தது. அதைக் கழற்றிக் காலரில் மாட்ட இரண்டு நிமிஷம் ஆகும். பாதம் வேறு கைக்கு இடைஞ்சலாக இருந்தது. நான் காலரையே கழற்றிப் பைக்குள் போட்டேன்.

கேலரியின் சிமெண்ட் படியில் ஸ்டாண்டை நிறுத்தியிருந்தேன். தண்ணீர் குடிக்கக் கையை எடுத்தேன். அவ்வளவுதான். முன்பக்கம் கனம் தாங்காமல் லென்ஸ் குனிந்தது, ஸ்டாண்டும் சேர்ந்து சாய்ந்தது. நான் பாய்வதற்குள் படியில் மோதிவிட்டது.

கண்ணாடி உடையவில்லை. காலர் உட்காருகிற இடத்தில் நீளமாக ஒரு கீறல், அவ்வளவுதான். காலரை மறுபடி மாட்டினேன். கீறல் மறைந்துவிட்டது. அதற்குப் பிறகு எடுத்த படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் இடது ஓரம் மங்கலாக இருந்தது. கேமராவோடு பூட்டுகிற இடத்தில் லென்ஸ் ஒரு மயிரிழை வளைந்துவிட்டது என்று எனக்கு அங்கேயே தெரியும், அக்கா. பிறகு தெரிந்துகொண்டேன் என்று சொன்னால் அது இன்னொரு பொய்.

சொல்லியிருக்கலாம். ரிப்பேருக்குக் கொடுத்திருக்கலாம். ஆனால் சொன்னால், காலர் அழகுக்குத்தான் என்று அத்தனை பேர் முன்னால் சொன்னது தப்பு என்று ஆகிவிடும். இருபது வருஷ கேமராக்காரனான எனக்கு அக்காவிடம் தோற்க மனசில்லை. துடைத்து, பையில் வைத்து, "தேங்க்ஸ் அக்கா" என்று கொடுத்துவிட்டு வந்தேன்.

அடுத்த மாதம் மூன்று நாள் லீவு போட்டுவிட்டுத் தடாப் பக்கம் புலிகாட் ஏரிக்குப் போனாய். பூநாரைகள் வந்திருந்தன. அந்த மூன்று நாளுக்காக நீ ஒரு வருஷம் காத்திருந்தாய். திரும்பி வந்ததும் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு என் கடைக்கு வந்தாய். உன் முகமே சரியில்லை.

"எல்லாத்துலயும் ஒரு பக்கம் மசமசன்னு கீதுடா. நான் இன்னா தப்பு பண்ணேன்?"

நான் படத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தேன்.

"கை ஆடியிருக்கும் அக்கா."

"ஸ்டாண்டுலதானே வெச்சிருந்தேன்?"

"பட்டன் அழுத்தறப்ப ஆடும். வயசாவுது இல்ல?"

கை ஆடினால் படம் முழுக்கக் கலங்கும். ஒரு பக்கம் மட்டும் கலங்காது. அது எனக்குத் தெரியும். உனக்குத் தெரியாது என்பதும் எனக்குத் தெரியும். நீ உன் வலது கையை மேஜைமேல் விரித்து வைத்து, வேறு யாருடைய கையையோ பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தாய். அப்போதாவது வாயைத் திறந்திருக்கக் கூடாதா நான்?

இரண்டு வாரத்தில் நீயே போய்க் கேட்டு, ரத்தம் எடுக்கிற வேலையை விட்டுவிட்டு ரிஜிஸ்டர் மேஜைக்கு மாறிக்கொண்டாய். அத்தான் வேலூருக்குக் கூட்டிப்போய்ப் பெரிய டாக்டரிடம் காட்டினார். கையில் ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னதை நீ நம்பவில்லை. "ஆரம்பத்துல டெஸ்டுல தெரியாது. என் தம்பி கேமராக்காரன், அவனே பார்த்துச் சொல்லிட்டான்" என்றாயாம். டாக்டரைவிட என்னை நம்பினாய். அத்தான் போனில் இதைச் சொன்னபோது, எனக்கு வேலை இருக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஒன்றரை வருஷம் அந்த மேஜையில் உட்கார்ந்தாய். கேமராவை அதற்குப் பிறகு தொடவில்லை. ஒருநாள் சாயங்காலம் மாரடைப்பு வந்து, ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே போய்விட்டாய். அடக்கத்தன்று உன் கைகளை மார்பில் சேர்த்து வைத்தது நான்தான். அப்போதும் நான் ஒன்றும் சொல்லவில்லை.

போன மாதம் கிருபா அந்த லென்சைச் சுத்தம் பண்ணி வைத்துக்கொள்ள ஆசைப்பட்டாள். திருப்பதியில் ஒரு ரிப்பேர் கடைக்கு என்னையும் துணைக்குக் கூப்பிட்டாள். கடைக்காரர் காலரைக் கழற்றினார். கீறலை விரலால் தடவினார்.

"இது கீழ விழுந்திருக்கு சார். காலர் மேல ஒரு கோடு இல்ல, அடியில மட்டும் கீறல் இருக்கு. அப்போ விழறப்ப காலர் இல்ல. கேமராவுல தொங்க விட்டிருக்காங்க. சின்ன லென்ஸ்னா கேமராவே தாங்கும், காலர் தேவையில்ல. இந்த வெயிட்டுக்குக் காலர் இல்லாம ஸ்டாண்டுல வெக்கக் கூடாது. கேமராவுல பூட்டுற மவுண்ட் வளைஞ்சிருக்கு பாருங்க. ஒரு பக்கம் மங்கலாத்தான் விழும்."

கிருபா மெதுவாகச் சொன்னாள்: "அம்மாதான் கீழ போட்டிருப்பாங்க மாமா. கைதான் சரியில்லயே. சொல்ல வெக்கப்பட்டுக்கினு இருந்திருப்பாங்க, பாவம்."

நான் பேசாமல் இருந்தேன். கடைக்காரர் ஒவ்வொரு திருகாகத் திரும்ப மாட்டுகிற வரைக்கும் பேசாமல் இருந்தேன். நான் செய்த தப்பு போதாதென்று, அதன் பழியும் உன்மேல் விழுந்துகொண்டிருந்தது. நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில், "போட்டது நான்தாம்மா" என்றேன்.

"எப்போ?"

"ஸ்போர்ட்ஸ் டேக்கு வாங்கிக்கினு போனேனே, அப்போ."

"புலிகாட் போறதுக்கு முன்னாடியா, அப்புறமா?"

"முன்னாடி."

அவள் என்னையே பார்த்தாள். "அப்போ அம்மா கை?"

"கையில ஒண்ணும் இல்ல. ஒருநாளும் இல்ல."

அவள் கத்தவில்லை. பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். "நீங்க பஸ்ல போங்க மாமா" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரைக் கிளப்பினாள். மூன்று வாரம் என் போனை எடுக்கவில்லை. பிறகு ஒரு மெசேஜ் வந்தது: "எங்கிட்ட மட்டும் சொல்லி முடிச்சுக்காதீங்க. அம்மா கை நடுங்குதுன்னு நம்பின எல்லார்கிட்டயும் சொல்லுங்க."

முதலில் உன் லேபுக்குப் போனேன். உன்னோடு வேலை செய்த ரமணம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். அந்த அம்மா பாதி தெலுங்கிலும் பாதி தமிழிலுமாகச் சொன்னார்: "அய்யோ தேவுடா. நரம்பு கிடைக்காத குழந்தை வந்தா, எஸ்தரம்மா மேஜைல இருந்து எழுந்து வருவாங்க. இங்க இருக்கு, இங்க குத்துன்னு விரலை வெச்சுக் காட்டுவாங்க. அந்த விரல் ஆடவே ஆடாது சார். ஊசிய எடுங்க அக்கான்னு நாங்க எத்தனை வாட்டி நீட்டினோம். வேணாம், குழந்தைக்கு வலிச்சிடப் போவுதுன்னு கைய இழுத்துக்குவாங்க."

வெளியே வந்து வண்டி நிறுத்துகிற இடத்தில் நின்று அழுதேன். இது எனக்குத் தெரியாது, அக்கா. நீ வேலை மாறிக்கொண்டாய் என்றுதான் நினைத்திருந்தேன். நரம்பைத் தொட்டுக் காட்டிவிட்டு ஊசியைத் தொடாமல் எத்தனை நாள் திரும்பி நடந்தாய்?

உன்னிடம் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. கேட்டால் நீ யோசிக்காமல் கொடுத்துவிடுவாய். உயிரோடு இருந்தபோது கேட்டிருந்தால் அந்த ஒன்றரை வருஷமாவது உனக்கு மிஞ்சியிருக்கும். இப்போது கேட்டால் லாபம் எனக்கு மட்டும்தான்.

நம் சித்தூர் சபையில், "எஸ்தர் சகோதரியின் கைகளுக்காக" என்று போதகர் ஜெபித்த ஒவ்வொரு ஞாயிறும் நானும் கண்ணை மூடி ஆமென் சொன்னேன். இந்தக் கடிதத்தை சபைப் பத்திரிகைக்குக் கொடுத்துவிட்டேன். ஆனால் எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்துகொள்வது எனக்கு ரொம்ப சுலபம். வருகிற ஞாயிறு அறிவிப்பு நேரத்தில் எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று, என் வாயாலேயே இதைச் சொல்கிறேன். அத்தானும் கிருபாவும் முன் வரிசையில் இருப்பார்கள். அவர்கள் முகத்தைப் பார்த்தே சொல்கிறேன். பாதியில் உட்கார மாட்டேன், அக்கா. இது சத்தியம்.

நீ நம்பிய,
உன் கூடப்பிறந்த தம்பி
ஜெயராஜ்