உன் பேரில் விழுந்த பரிசுக்கூடை

என் கமலாவுக்கு,

எப்படி இருக்கிறாய்? இங்கே குளிர் தாங்கவில்லை. உன் ஸ்வெட்டரை நான்தான் போட்டுக்கொண்டு திரிகிறேன். கை நீளம் எனக்குப் போதவில்லை. சிரிக்காதே.

மோட்டார் சைக்கிளில் உன்னை ஏற்றிக்கொண்டு எத்தனை கடை அலைந்திருப்பேன்! எண்ணெய்க்குத் தானா ராத்தா டவுன் கடை, அங்கே வாங்கினால் கணக்கில் இரட்டைப் புள்ளி ஏறுமாம். சோப்புக்குக் கம்போங் ராஜா டவுன், அங்கே ஸ்டிக்கர் ஒட்டினால் சட்டி கிடைக்குமாம். "புள்ளிய விட பெட்ரோலுக்குத்தான்டி அதிகம் போவுது" என்று கத்துவேன். "ஓட்டுற வேலைய பாருங்க லா" என்பாய். இப்போதும் அதே கடைகளுக்குத்தான் போகிறேன். யாரிடம் கத்துவது?

தானா ராத்தா கடையில் நம் தோட்டத்து லயத்துப் பெண்கள் எல்லாரும் புள்ளி ஏற்ற உன் போன் நம்பரைத்தான் சொல்வார்கள். தனித்தனியாகச் சேர்த்தால் ஒன்றும் தேறாது, ஒரே பேரில் சேர்த்தால் தீபாவளிக்கு எல்லா வீட்டுக்கும் எண்ணெய் வாங்கலாம் என்று நீ செய்த ஏற்பாடு. நீ போன பிறகும் அதையே சொல்கிறார்கள். ஏன் என்று பக்கத்து வீட்டு மேரியிடம் கேட்டேன்.

"வாயில அந்த நம்பர்தாண்ணே வருது. மாத்தவும் மனசு வரல" என்றாள்.

நானும் அதையேதான் சொல்கிறேன். நம்பரைத் தட்டியதும் திரையில் உன் பேர் வரும். கல்லாவில் இருக்கும் பெண் அதை வாய்விட்டுப் படிப்பாள். வீட்டில் உன் பேரைச் சொல்ல ஆளில்லை கமலா. அதைக் கேட்கத்தான் போகிறேன் என்றால் நம்புவாயா? வீட்டில் உப்பு நிறைய இருக்கும், இருந்தாலும் இன்னொரு பாக்கெட் வாங்குவேன்.

போன வாரம் அந்தக் கல்லாப் பெண் எழுந்தே நின்றுவிட்டாள். புதிதாக வேலைக்கு வந்தவள், உன்னைப் பார்த்ததில்லை.

"அங்கிள், கமலா ஆண்ட்டிக்குத்தான் இந்த வருஷம் முதல் பரிசு. அவங்கதான் ரொம்ப வாங்கியிருக்காங்க. கூட்டிட்டு வாங்க, போட்டோ எடுக்கணும்."

பின்னால் ஒரு பெரிய பரிசுக்கூடை, ரிப்பன் கட்டி, உன் பேர் எழுதி. அடிப்பாவி, செத்த பிறகும் ஜெயித்துவிட்டாயே! பெருமையாகத்தான் இருந்தது.

"ஈப்போவுக்கு, மக வீட்டுக்குப் போயிருக்காம்மா" என்று சொல்லிவிட்டேன். நீ இல்லை என்று சொன்னால் கணக்கிலிருந்து உன் பேரை எடுத்துவிடுவார்கள். அந்தப் பயம்தான்.

"பரவால்ல அங்கிள், வர்ற வரைக்கும் எடுத்து வெக்கிறேன்" என்றாள்.

அதன்பின் அந்தக் கடைப் பக்கமே நான் போகவில்லை. நேற்று மேரி வந்து சொன்னாள், கூடையில் தூசி படாமல் அந்தப் பெண் பிளாஸ்டிக் சுற்றி வைத்திருக்கிறாளாம். மேரியைப் பார்க்கும்போதெல்லாம் "ஆண்ட்டி வந்துட்டாங்களா?" என்று கேட்கிறாளாம். மேரி சாமானை எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறாளாம். நீ வருவாய் என்று நான் காத்திருப்பது போதாதா? ஒன்றும் அறியாத பிள்ளையையும் சேர்த்துக் காக்க வைத்துவிட்டேனே, அது பாவமில்லையா?

வெள்ளிக்கிழமை போகிறேன். கூடையை வாங்கி வந்து லயத்தில் எல்லா வீட்டுக்கும் பிரித்துக் கொடுக்கிறேன், அது அவர்கள் சேர்த்தது. நீ இனிமேல் வரமாட்டாய் என்று அந்தப் பிள்ளையிடம் என் வாயாலேயே சொல்கிறேன். மற்றவர்களுக்கெல்லாம் தெரிந்திருந்தது, அதனால் இதுவரை யாரிடமும் நான் அதைச் சொல்ல வேண்டி வந்ததில்லை.

அவளுக்குச் சொல்லிவிடுவேன், சத்தியம். அதற்கப்புறம் உனக்காகக் காத்திருக்க நான் ஒருவன்தான்.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரர்