போல்ட் போட்ட சட்டம்

மார்ச் 4, செவ்வாய்

மருந்துக்கடை ஷட்டரில் எழுத்து பாதியில் நிற்கும்போதே ஊர்த் தலைவர் ஆள் விட்டுக் கூப்பிட்டார். பக்கத்திலேயே புதுப் பாலம் திறந்தாச்சு, பழைய இரும்புப் பாலம் இனி நடக்க மட்டும்தானாம். அதன் வாசலில் வரலாற்றுப் பலகை வைக்கணுமாம். ஃப்ளெக்ஸ் அடித்தால் வெளுத்துப்போகும், கையால் எழுதினால்தான் மதிப்பு என்று அவர் வாயாலேயே சொன்னார். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஃப்ளெக்ஸ் வந்ததிலிருந்து என் பிரஷ்ஷை எவன் மதித்தான்?

வீட்டில் அப்பாவிடம் சொன்னேன். படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். தாத்தா பேரை முதல் வரியிலேயே போடணும் என்றார். அதைக்கூடச் சொல்லித் தரணுமா எனக்கு?

மார்ச் 5, புதன்

வாசகம் வந்தது. படித்ததிலிருந்து வயிறு எரிகிறது. பாலம் தலைவரின் பாட்டனார் தனி ஆளாக முயன்று ஊருக்கு அர்ப்பணித்ததாம். கீழே தலைவர் பேர், பாட்டனார் பேரைவிடப் பெரிய எழுத்தில். அள்ளி விடுவதற்கும் ஒரு அளவு வேண்டாமா?

பாலம் வருவதற்கு முன்னால் இந்த ஆற்றில் படகு ஓட்டியவர் என் தாத்தா. வெள்ளத்தில் ஜனங்கள் படும் பாட்டைப் பார்த்துப் பார்த்து, பாலம் வேண்டும் என்று ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கியவர். நான் குழந்தையாக இருந்தபோது அப்பா என்னைத் தோளில் தூக்கிப் போய்க் காட்டுவார். பாலம் நெடுக முக்கோணம் முக்கோணமாக இரும்புச் சட்டங்கள். எல்லாம் குமிழ் குமிழாக ரிவெட் அடித்தவை. நடு ஆற்றுக்கு மேலே ஒரே ஒரு சாய்வுச் சட்டம் மட்டும் ஒல்லி. அதற்கு ரிவெட் இல்லை, போல்ட்தான். "இது உன் தாத்தா தன் கையால பூட்டினது." எதிரே யார் வந்தாலும் கேட்கிற மாதிரி சத்தமாகச் சொல்வார். இன்றைக்கும் அதைத் தொடாமல் நான் பாலத்தைத் தாண்டுவதில்லை.

மார்ச் 6, வியாழன்

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்கணும் என்று தலைவரிடம் போனேன். மூக்குடைந்து திரும்பினேன்.

என் தாத்தா பூட்டிய சட்டம் பாலத்திலேயே இருக்கிறது, வந்து பாருங்கள் என்றேன். யார் சொன்னது என்று கேட்டார். எங்கப்பா என்றேன்.

"எங்க தாத்தா கட்டினாருன்னு எங்கப்பாதான்மா சொன்னாரு. உங்கப்பா சொன்னா வரலாறு, எங்கப்பா சொன்னா பொய்யா?"

கூட இருந்தவன் பல்லைக் காட்டினான். எழுத இஷ்டமில்லையென்றால் ஃப்ளெக்ஸ் கடைக்காரன் தயாராக இருக்கிறான், சொல்லிவிட்டுப் போ என்றார் தலைவர்.

இருக்கட்டும். பாலம் கட்டினதைக் கண்ணால் பார்த்த ஆள் அக்கரையில் இன்னும் உயிரோடு இருக்கிறாள். அத்தை — அப்பாவின் அக்கா. அவள் வாயால் சொல்ல வைத்து இவர்கள் முகத்தில் கரி பூசுகிறேனா இல்லையா பார். அத்தையிடம் போகிறேன் என்றதும் அப்பா, அவளுக்கு எதுவும் ஞாபகமில்லை, வீண் அலைச்சல் என்றார். இரண்டு தடவை சொன்னார்.

மார்ச் 8, சனி

அத்தைக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது. ஐயோ, இல்லாமலே இருந்திருக்கலாம்.

காய் நறுக்கிக்கொண்டே சொன்னாள். பாலம் புதுசே இல்லையாம். எங்கேயோ ரயிலுக்குப் போட்டிருந்த பாலத்தைக் கழற்றி, சட்டத்துக்குச் சட்டம் பெயிண்டில் நம்பர் போட்டு, லாரியில் கொண்டுவந்து இறக்கினார்களாம். பாதி இரும்பு அக்கரைக்குப் போகணும். அக்கரையில் அப்போது ரோடு கிடையாது. ஆற்றில் இருந்த ஒரே பெரிய படகு தாத்தாவுடையது. அதிலேயே ஏற்றிவிடலாம் என்று யோசனை சொன்ன மகாபுத்திசாலிதான் தலைவரின் பாட்டனார். அப்படியே ரோட்டையும் தன் கிடங்கு பக்கமாக வளைத்துக்கொண்டார். பாலத்துக்கு ஏறுகிற இடத்தில் காரணமே இல்லாமல் ஒரு வளைவு இருக்கிறதே, அதுதான் அவருடைய முயற்சி!

"பாலம் வந்தா எவன் பொழப்பு போகுமோ, அவன் படகுலயே பாலத்தை ஏத்துனானுங்கடி," என்றாள் அத்தை.

தாத்தா வாயே திறக்கவில்லையாம். ஒவ்வொன்றாகக் கொண்டுபோய் இறக்கியிருக்கிறார். ஒரு நாள் நடு ஆற்றில் ஒரு சட்டத்தை மட்டும் தள்ளிவிட்டார். நழுவிவிட்டது என்றார். நம்ப யார் இருக்கா? ஒரு சட்டம் குறைந்தாலும் பாலம் நிற்காதாம். மாற்றுச் சட்டம் வந்து சேர ஒரு மழைக்காலமே போய்விட்டது. அதுவரை படகு ஓடியது. ரிவெட் அடிக்கிற கோஷ்டி அதற்குள் ஊரைவிட்டே போய்விட்டதால் அதை மட்டும் போல்ட் போட்டு முடுக்கினார்கள். பாலம் திறந்த அன்றைக்கும் தாத்தா படகில்தான் அக்கரைக்குப் போனாராம். சாகிற வரைக்கும் பாலத்தில் கால் வைக்கவில்லை.

ஆபீஸ் ஏறி இறங்கினது? ஏறினாராம். பாலம் வேண்டாம் என்று.

ஊரில் அவருக்கு வைத்த பேர் இரும்பு முழுங்கி. அத்தை சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை வருஷமாக நான் தொட்டுத் தடவினது எதை?

மார்ச் 9, ஞாயிறு

அப்பாவிடம் பேசவில்லை. தட்டை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

மார்ச் 10, திங்கள்

கேட்டுவிட்டேன். தலைவர் கதை அளந்தால் அரசியல் என்று விடலாம், நீங்க எதுக்குப்பா என் காதில் பூ சுற்றினீங்க? ஊர் நடுவில் நான் அசிங்கப்பட்டு நின்றேனே!

அவர் போர்வை ஓரத்தை நீவிக்கொண்டே சொன்னார்.

"ஸ்கூல்ல ஒருத்தனும் என் பேரைச் சொல்லி என்னைக் கூப்பிட்டதில்லம்மா. இரும்பு முழுங்கி மவனேன்னுதான். நீ பொறந்ததும், உன்னையும் அப்படிக் கூப்பிட்டுருவானுங்களோன்னு பயம். அதான் உன்னைத் தூக்கிட்டுப் போயி, நாலு பேர் காதுல விழற மாதிரி அப்படிச் சொன்னேன்."

என்னை அப்படி யாரும் கூப்பிட்டதில்லை. உண்மைதான்.

கோபம் போய்விட்டதா? போகவில்லை. ஆள்தான் மாறிவிட்டது. பாலம் ஊருக்கு நல்லதுதான், வேண்டாம் என்று நான் சொல்வேனா? ஆனால் படகு ஓட்டின அந்த மனுஷனைக் கூப்பிட்டு, உனக்கு இனி என்ன வழி என்று ஒரே ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? கேட்காததோடு விட்டார்களா, அவர் கையாலேயே சுமக்க வைத்தார்கள். அப்புறம் பட்டப்பேர் வேறு! கேலி செய்தவன், வேலை வாங்கினவன், ரோட்டை வளைத்தவன் எல்லாரும் பலகையில் ஏறுவார்களாம். அவர் மட்டும் கேலிக்காம். நல்லா இருக்கு நியாயம்.

மார்ச் 12, புதன்

வாசகத்தைத் தலைவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். சாயங்காலமே ஃப்ளெக்ஸ் ஏறிவிட்டது. பாட்டனார் கைகூப்பி நிற்கிறார், பக்கத்தில் தலைவர், பின்னால் பாலம். பாலத்தின் படம்கூட நம்முடையது இல்லை! கம்ப்யூட்டரில் கிடைத்த எந்த ஊர்ப் பாலத்தையோ ஒட்டியிருக்கிறான். ஒருத்தருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

மார்ச் 14, வெள்ளி

ஃப்ளெக்ஸை யாராவது கழற்றலாம். இரும்பில் எனாமல் பெயிண்ட் பிடித்தால் சுரண்டினாலும் லேசில் போகாது. பாலத்திலேயே எழுதப் போகிறேன் என்று அப்பாவிடம் சொன்னேன். ஊர் சிரிக்குமே என்றார். அப்புறம் எப்போது போகிறாய் என்று கேட்டார்.

மார்ச் 15, சனி

காலையில் ஆட்டோ பிடித்து அப்பாவையும் கூட்டிப்போனேன். வளைவில் இறங்கி என் கையைப் பிடித்துக்கொண்டு நடு ஆறு வரை நடந்தார். ஸ்டூலைப் போட்டு உட்கார வைத்தேன். போல்ட் போட்ட சட்டத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துத் துடைத்து, சாக்பீஸில் கோடு போட்டு, வெள்ளை எனாமலில் எழுதினேன்.

"இங்கே வரவேண்டிய சட்டம் கீழே ஆற்றில் கிடக்கிறது. தள்ளிவிட்டவர் படகுக்காரர். இந்தப் பாலத்தால் பிழைப்பு போனவர். அவரை யாரும் கேட்கவில்லை."

நடந்து போனவர்கள் நின்று படித்தார்கள். ஒருத்தர் குனிந்து ஆற்றை எட்டிப் பார்த்தார். அப்பா யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாக உதடு அசையப் படித்தார். அழுதுவிடுவாரோ என்று பயம். பிரஷ்ஷைத் துடைக்கிற சாக்கில் திரும்பிக்கொண்டேன்.

"ஏம்மா இவ்வளவு பொடிசா எழுதியிருக்க?" என்றார். "புதுப் பாலத்துல பஸ்ல போறவன் கண்ணுக்குத் தெரிய வேணாமா?"

நாளைக்குப் பெரிய பிரஷ் எடுத்துப் போகணும். அப்பாவும் வருகிறாராம்.