நாற்பத்தெட்டு நாள் காப்பு

மூன்றாம் பிரிவு லயம்,
கோல சிலாங்கூர்.
13.9.1986

ரமணிக்கு அப்பா எழுதுவது. கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துவிடாதே. முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் கிழி. ஜொகூரில் நலமாக இருப்பாய் என்று நினைக்கிறேன். விலாசத்தை அரிசி டின்னுக்கு அடியிலிருந்து எடுத்தேன். நீயும் அம்மாவும் ஒரு வருஷமாகக் கடிதம் போட்டுக்கொள்வது எனக்குத் தெரியாது என்றா நினைத்தீர்கள்? உன் பதிவுக் கல்யாணத்தன்று, இந்த வாசலை மிதிக்காதே என்று நான் சொன்னதைப் பற்றிப் பேச இதை எழுதவில்லை.

விஷயம் அம்மாவைப் பற்றியது. இரத்த அழுத்த மாத்திரையை நிறுத்திப் பத்தொன்பது நாளாகிறது. நேற்று ரப்பர் பால் வெட்டிவிட்டு வந்தவள் குழாயடியில் விழுந்துவிட்டாள். மூக்கிலிருந்து இரத்தம். தோட்டத்து மருந்தகத்து டிரஸ்ஸர் பார்த்துவிட்டு, "இருநூறத் தாண்டிருச்சு, உடனே தஞ்சோங் காராங் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்க" என்றார். இவள் வரமாட்டேன் என்கிறாள். தூக்கி லோரியில் ஏற்றப் பார்த்தேன். தூணைக் கட்டிக்கொண்டு கத்தினாள். கத்தினால் அழுத்தம் இன்னும் ஏறும் என்று டிரஸ்ஸரே என்னைத் தடுத்துவிட்டார்.

எல்லாம் யோகா வகுப்பில் ஆரம்பித்தது. நீ போனதிலிருந்து அவளுக்குத் தூக்கம் இல்லை. தமிழ்ப்பள்ளியில் வாசு வாத்தியார் ஆசனம் சொல்லிக் கொடுக்கிறார் என்று போனாள். லயத்து வரிசை வீட்டுப் பெண்கள் இருபது பேர் சாரோங்கோடு பாயில் படுத்துக் காலைத் தூக்குவதைப் பார்த்துச் சிரித்துவிட்டேன். அதற்கு இரண்டு நாள் ஆறிப்போன சோறுதான் கிடைத்தது. ஒரு மாதம் கழித்து, "உடம்பு வளையுது, மனசு வளையலயே" என்று சொல்லிவிட்டு டவுனுக்குக் கிளம்பினாள். அங்கே ஒரு கடை மாடியில் லீலாவதி டீச்சரின் தியான வகுப்பு. வளைவதெல்லாம் கிடையாது. விளக்கைப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடி உட்கார வேண்டியதுதான். அதுவும் சரிப்படவில்லை. "கண்ண மூடினா அவ மொகந்தான் வருது" என்றாள். யார் முகம் என்று நான் கேட்கவில்லை.

அப்புறம் பஸ் ஏறி சபாக் வரைக்கும் போனாள். அங்கே நல்லசாமி என்பவர் மூச்சுப் பயிற்சி நடத்துகிறார். ஒரு மூக்கில் இழுத்து மறு மூக்கில் விடுவது. அவர் மேல் தப்பில்லை. விடாமல் நாற்பத்தெட்டு நாள் செய்தால் தூக்கம் வரும் என்றுதான் சொல்லியிருக்கிறார். நாற்பத்தெட்டு என்றதும் உன் அம்மாவுக்குத் தீமிதி விரதம் ஞாபகம் வந்துவிட்டது. நேராக மாரியம்மன் கோயிலுக்குப் போய், பூசாரி காளியண்ணன் கையால் மஞ்சள் காப்புக் கட்டிக்கொண்டு வந்து நின்றாள். ஒரு வேளைச் சோறு. மருந்து கூடாது. காப்பு அவிழும் வரை தோட்டத்து எல்லையைத் தாண்டக் கூடாது. எல்லையைத் தாண்டாமல் சபாக் வகுப்புக்கு எப்படிப் போவாய் என்று கேட்டேன்.

இன்று காலை நல்லசாமியே மோட்டார் சைக்கிளில் வந்துவிட்டார். "நான் மருந்த நிறுத்தச் சொல்லவே இல்லம்மா. மூச்சுக்கும் காப்புக்கும் சம்பந்தமே இல்லலா" என்று அழாத குறையாகச் சொன்னார். தேத்தண்ணி கலக்கிக் கொடுத்து, "சரிங்க சார்" என்று அனுப்பி வைத்தாள். அவர் தலை மறைந்ததும் மூக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். எனக்குப் பயமாக இருக்கிறது.

காளியண்ணனிடம் போய்ச் சண்டை போட்டேன். வேண்டுதல் பலித்தால் அன்றைக்கே அவிழ்த்துவிடலாம் என்றார். என்ன வேண்டுதல் என்று கேட்டேன். "மக வரணும்னு கூட இல்லண்ணே. நீங்க ஒங்க வாயால கூப்பிடணுமாம்" என்றார்.

அதனால்தான் இந்தக் கடிதம். நிலைமையைத் தெரிவித்துவிட்டேன். மற்றது உன் விருப்பம்.

இப்படிக்கு,
ப. நடராஜா

பி.கு: மேலே கையெழுத்துப் போட்டு, எழுதிவிட்டேன், காப்பை அவிழ் என்று அம்மாவிடம் நீட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தாள். "எல்லாரப் பத்தியும் எழுதிருக்கீங்க. கூப்பிட்டது எங்க இருக்கு?" என்று கேட்டுவிட்டுக் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தாள். உதடு வெளுத்திருக்கிறது. பேனாவைப் பிடித்துக்கொண்டு கால் மணி நேரமாக உட்கார்ந்திருக்கிறேன்.

ரமணி, அன்றைக்கு நீ தெருமுனை திரும்புவதற்குள்ளேயே தப்புச் செய்துவிட்டேன் என்று எனக்குத் தெரியும். ஓடி வந்து கூப்பிட வெட்கப்பட்டுக்கொண்டு நின்றுவிட்டேன். அந்த வெட்கத்துக்குத்தான் உன் அம்மா விரதம் இருக்கிறாள்.

வாம்மா. மாப்பிள்ளை தேவதாசையும் கூட்டிக்கொண்டு வா.

இந்த வரியை அவளிடம் காட்டினேன். கையை நீட்டிவிட்டாள். என்னோடு வந்திருந்த காளியண்ணன் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருக்கிறார். தண்ணீர் பட்டுப் பட்டு இறுகிப் போயிருக்கிறது. லோரி வாசலில் நிற்கிறது. போகிற வழியில் இதைத் தபாலில் போடுகிறேன். நீங்கள் நேராக ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். அம்மன் அவளை நல்லபடியாகத் திருப்பிக் கொடுத்தால், எல்லோரும் சேர்ந்தே வீட்டுக்குத் திரும்புவோம். அப்போது இந்த வாசலை நீதான் முதலில் மிதிக்க வேண்டும்.

அப்பா