ஆவணியில் போட்ட விதை

டொரான்டோ
18.6.2023

அன்புள்ள அக்காவுக்கு பத்ரியின் நமஸ்காரம்.

அன்றைக்குப் பேசிக்கொண்டிருக்கும்போதே "அப்புறம் பேசறேண்டா" என்று வைத்துவிட்டாய். அத்திம்பேர் ஸ்பீக்கரில் போட்டுவிட்டார் என்று புரிந்துகொண்டேன். அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன்.

எலும்பு வலிக்கு மாத்திரை போட்டால் வாந்தி, போடாவிட்டால் தூக்கமில்லை என்கிறாய். இங்கே கான்சர் வந்தவர்களுக்கு டாக்டரே கஞ்சா எண்ணெய் எழுதிக் கொடுக்கிறார்கள். வந்து என்னோடு கொஞ்ச நாள் இரு, வேளாவேளைக்கு நாலு வாய் சாப்பிடுவாய் என்றால், "சாம்பார்ப் பொடியையே கடையில் வாங்காதவள், இதையா வாங்கப் போறேன்?" என்கிறாய். சரி தாயே, வீட்டிலேயே செடி வளர்த்து எண்ணெய் எடுத்துவிடுகிறேன். ஒரு வீட்டுக்கு நாலு செடி வரைக்கும் இங்கே சட்டம் விடுகிறது.

நானும் நகுலும் படுக்கையறை அலமாரியைக் காலி செய்துவிட்டோம். விளக்கு, சின்ன மின்விசிறி, நாலு தொட்டி எல்லாம் வந்திருக்கின்றன. ரெண்டு பேருக்கும் செடி வளர்ப்பில் அ, ஆ கூடத் தெரியாது. உன் மருமான் வீடியோ பார்க்கிறான், நான் கவலைப்படுகிறேன். பூ வந்தால் மணம் ஊரைக் கூட்டுமாம், பக்கத்து வீட்டுக்காரி என்ன சொல்வாளோ.

தயாராக நாலு மாசம் ஆகுமாம். ஜூலையில் விதைத்தால் தீபாவளி கழித்து நான் போட்டிருக்கும் டிக்கெட்டில் நீ வரும்போது சரியாக இருக்கும். நல்ல நாள் பார்த்து எழுது, காத்திருக்கிறேன்.

உன் தம்பி
பத்ரி


செம்பூர், மும்பை
5.7.2023

சிரஞ்சீவி பத்ரிக்கு அக்காவின் ஆசிகள்.

உன் கடிதத்தைப் பாத்ரூமில் உட்கார்ந்து படித்தேன். அந்தப் பெயரை அப்படியே எழுதுவாயோ? உன் அத்திம்பேர் கண்ணில் பட்டிருந்தால் அன்றைக்கே அவருக்கு பிரஷர் ஏறியிருக்கும். இனிமேல் அதற்குப் பேர் கீரை. போனிலும் அப்படியே சொல்.

இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது ஆடி பிறந்திருக்கும். ஆடியில் ஒன்றையும் ஆரம்பிக்காதே. நம் வீட்டில் யாரும் ஆடியில் ஒரு குக்கர் கூட வாங்கினதில்லை, உனக்கே தெரியும். ஆவணி பிறந்ததும் முதல் ஞாயிற்றுக்கிழமை பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்துவிட்டுப் போடு. சிரிக்காதே. டிக்கெட்டையும் தைக்குத் தள்ளிவிடு. கீரை தயாரான பிறகுதான் வருவேன். அதற்கு முன்னால் வந்து உன் வீட்டில் வாந்தி எடுத்துக்கொண்டு கிடக்க எனக்கு இஷ்டமில்லை.

ரொம்ப நாளைக்கப்புறம் ஒன்றுக்காகக் காத்திருக்கிறேன். அது நன்றாகத்தான் இருக்கிறது.

விசாலாக்ஷி


டொரான்டோ
24.9.2023

அக்காவுக்கு,

நீ சொன்ன ஞாயிற்றுக்கிழமையே போட்டேன். தேங்காய் சமையலறைத் தரையில் உடைத்ததில் ஒரு டைல்ஸ் போய்விட்டது. நகுல் இன்னும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறான்.

நாலும் முளைத்தன. ஒன்றை நான்தான் கொன்றேன். மண் காய்ந்துவிடுமோ என்று ராத்திரியும் பகலும் தண்ணீர் ஊற்றினேன், வேர் அழுகிவிட்டது. "அப்பா, இதுக்குப் பாசம் ஆகாது" என்கிறான் உன் மருமான். மற்ற மூன்றும் முழங்கால் உயரம். டிசம்பர் நடுவில் அறுத்துவிடலாம் போலிருக்கிறது. ஜனவரி கடைசிக்கு டிக்கெட் மாற்றிவிட்டேன்.

போனில் உன் குரல் மெலிந்திருக்கிறது. கேட்டால் "பேஷா இருக்கேன்" என்கிறாய். அத்திம்பேரும் அதையே சொல்கிறார். சரியாகச் சாப்பிடு அக்கா. எனக்கு பயமாக இருக்கிறது.

பத்ரி


செம்பூர்
23.11.2023

கண்ணா பத்ரி,

கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். நர்ஸ் அதீபா தலையணை வைத்து உட்கார வைத்திருக்கிறாள், தபாலில் சேர்ப்பதும் அவள்தான்.

விமானம் ஏறக் கூடாது என்று டாக்டர் சொன்னதை அத்திம்பேர் உனக்குச் சொன்னார். அதற்கு நீ, "பரவாயில்லை, மூணு வாரத்தில் கீரையை நானே கொண்டு வரேன்" என்றாய். அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், என்னால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. அசடே, ஏர்போர்ட்டில் பிடித்தால் ஜெயில் தெரியுமா? நான் இங்கே கிடக்க, நகுலுக்கு உன்னை விட்டால் யார் இருக்கிறார்கள்? ஒரு சொட்டு கொண்டு வரக் கூடாது. என்மேல் சத்தியம்.

ஒரு வேடிக்கை கேள். ஜுரத்தில் "கீரை வந்ததா, கீரை வந்ததா" என்று பிதற்றியிருக்கிறேன். பாவம் உன் அத்திம்பேர், மாட்டுங்கா மார்க்கெட்டுக்கு ஓடி முளைக்கீரை வாங்கி, அவரே மசித்து, உப்புப் போட மறந்து எடுத்துக்கொண்டு வந்தார். "ஆசைப்பட்டியே விசாலம்" என்றார். ரெண்டு ஸ்பூன் சாப்பிட்டேன். அது வயிற்றில் தங்கியது பத்ரி. அழுகையாக வந்தது.

படுத்துக்கொண்டே யோசிக்கிறேன். ஆடியில் கல்யாணம் பண்ணக் கூடாது, வீடு மாறக் கூடாது என்றார்கள். விதை போடக் கூடாது என்று யார் சொன்னார்கள்? விவசாயி அந்த மாசத்தில்தானே விதைக்கிறான்! பிறந்ததிலிருந்து ஃப்ளாட்டில் இருப்பவளுக்கு அதெல்லாம் என்ன தெரியும், குக்கரையும் விதையையும் ஒன்றாக நினைத்துவிட்டேன். ஒரு மாசம் வீணாகப் போயிற்று.

அது போகட்டும். மூணு வாரம் நிற்காதே. உடனே வா. அத்திம்பேர் எதிரில் போனில் "சீக்கிரம் வா" என்று சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் அவருக்குப் புரிந்துவிடும். எனக்கு வேண்டியது நீதான்டா. ஒன்றும் கொண்டு வர வேண்டாம்.

அக்கா


டொரான்டோ
11.12.2023

அக்கா,

உன் கடிதம் இன்று மத்தியானம் வந்தது. அத்திம்பேர் வியாழக்கிழமையே போன் செய்துவிட்டார்.

வியாழக்கிழமை காலையில் அலமாரி முன்னால் உட்கார்ந்து, பூவின் நிறம் மாறிவிட்டதா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்னும் ஒரு வாரம் என்று நகுல் சொன்னான். சரி, ஒரு வாரம்தானே என்றேன். அப்போதுதான் போன் அடித்தது.

ஆடியைத் திட்டாதே. ஒரு மாசம்தான் உன்னால் போயிற்று. மீதி எல்லாம் என்னால். எனக்கு விசா வேண்டாத சொந்த ஊர், எப்போது வேண்டுமானாலும் வந்திருக்கலாம். எண்ணெய் இல்லாமல் அக்காவைப் பார்க்கப் போகக் கூடாது என்று யார் சொன்னார்கள்? நன்றாக வளர்ந்துகொண்டிருந்த செடிகளைப் பார்த்துக்கொண்டு நீயும் நன்றாக இருப்பதாக நம்பிவிட்டேன்.

மூன்றையும் நகுல்தான் வெட்டிக் குப்பையில் போட்டான். நான் அந்த அறைக்குள் போகவில்லை.

இன்று ராத்திரி விமானம். பத்தாம் நாளுக்குள் வந்துவிடுவேன் என்று அத்திம்பேரிடம் சொல்லியிருக்கிறேன். அதற்கு மட்டும் தாமதிக்க மாட்டேன், அக்கா.

பத்ரி