கறைகளுக்கு நாங்கள் பொறுப்பல்ல

அன்புத் தங்கச்சிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. இங்கே உன் மாமாவின் வலது கையைத் தவிர எல்லாம் நலம். அங்கே உன் பிடிவாதத்தைத் தவிர மற்றதெல்லாம் நலமாக இருக்கும் என்று நம்புகிறேன். இந்தக் காலத்தில் கடிதம் எதற்கு, போனில் பேசினால் ஆகாதா என்று நினைப்பாய். போனில் பழைய பேச்சை எடுத்தாலே, "அக்கா, சிக்னல் விட்டு விட்டு வருது" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்துக்கு அந்தச் சாக்கு செல்லாது. ஓரிடத்தில் உட்கார்ந்து முழுதாகப் படி.

விஷயம் என்னவென்றால், போன மாதம் நம் சலவைக் கடைக்கு ஒருவர் வந்தார். நெஞ்சு வரைக்கும் தாடி. கையில் துணி எதுவும் இல்லை. துணி இல்லாமல் சலவைக் கடைக்கு வருகிறவன் ஒன்று வழி கேட்பான், இல்லாவிட்டால் சண்டை பிடிப்பான். இவர் இரண்டும் செய்யவில்லை. அம்மா காலத்திலிருந்து கவுண்டருக்கு மேலே ஒரு பலகை தொங்குகிறதே, 'கறைகளுக்கு நாங்கள் பொறுப்பல்ல' என்று, அதை அண்ணாந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தவர் பொலபொலவென்று அழ ஆரம்பித்துவிட்டார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. யார் வீட்டுக் கல்யாணச் சட்டையைப் பொசுக்கித் தொலைத்தோமோ என்று பயந்து, உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

தண்ணீரைக் குடித்துவிட்டுப் பையிலிருந்து ஒரு கேசட்டை எடுத்து என் முன்னால் வைத்தார். அடியே, நம் கேசட்! நம் 'ஈரச்சுவர்' பாட்டுக் கூட்டம் தன் வாழ்நாளில் பதிவு செய்த ஒரே கேசட். நம் ஆட்கள் யாரும் அட்டையில் பேர் போட மாட்டோம், முகம் போட மாட்டோம். நீயும் கடை ரசீதைத் திருப்பி வெற்றுப் பக்கத்தில் 'ஈரச்சுவர்' என்று மட்டும் எழுதி மடித்துச் செருகினாய். மடித்த ஓரத்தில் ரசீதில் அச்சாகியிருந்த அந்தக் கறை வரி எட்டிப் பார்த்திருக்கிறது. எங்கெங்கோ இருக்கிறவர்கள் இத்தனை வருஷமாக அதுதான் ஆல்பத்தின் தலைப்பு என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள். இவரும் தெருவோடு போகையில் நம் பலகையில் அதே வரியைப் பார்த்துத்தான் உள்ளே நுழைந்திருக்கிறார். சமுதாயத்தின் முகத்தில் விட்ட அறையாம் அது. ஒரு புண்ணியவான் பக்கம் பக்கமாகக் கட்டுரையே எழுதியிருக்கிறார். சட்டைப் பையில் மூடாத பேனாவோடு துணி போடுகிறவர்களுக்காக அம்மா எழுதி வைத்த வரி என்று அவரிடம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

இந்தத் தாடிக்காரர் தொழிலில் கால்நடை டாக்டர். பசு கன்று போடும்போதுகூட நம் பாட்டைத்தான் ஓடவிடுவாராம். அந்த வாயில்லா ஜீவன் என்ன பாவம் செய்தது என்று கேட்க நினைத்து வாயை மூடிக்கொண்டேன். காலிக் கேசட் ஒன்று கொடுத்து, பதிவான கேசட் ஒன்று வாங்கி, அதை இன்னொருவனுக்குப் பிரதி எடுத்துக் கொடுப்பதுதானே அன்றைக்கு நம் வழக்கம்? நீ வெளியூர்க் கூட்டத்துக்காரன் ஒருவனிடம் தூக்கிக் கொடுத்த ஒரே ஒரு கேசட், அப்படிக் கைமாறிக் கைமாறி உலகம் சுற்றியிருக்கிறது. அதன் பெருமை என்ன தெரியுமா? பூமியிலேயே படுவேகமாக வாசித்த கூட்டங்களில் நாமும் ஒன்றாம்.

சிரிக்காதே. நானும் அப்படித்தான் விழித்தேன். நாமாவது, வேகமாவது! உன் மாமா டிரம்ஸில் ஓர் அடி அடித்தால், அடுத்த அடிக்குள் மாடிக்குப் போய் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம் என்று நீதானே கிண்டல் செய்வாய்? மின்னலைப் பார்த்துவிட்டுக் காத்திருக்கிற மாதிரி காத்திருக்க வேண்டியிருந்ததால்தான் அவருக்கு 'இடி' என்று பெயரே வந்தது. ஆலைச் சங்கு மாதிரி நீ இழுத்த இழுப்புக்கு உனக்குச் 'சங்கு'. மேடையில் வாயைத் திறக்காமல் பேஸ் கிதாரைக் கட்டிக்கொண்டு நின்ற எனக்கு 'அமைதி'. மூடிக் கிடந்த தியேட்டர், மரக்கடைப் பின்கட்டு, யாரோ ஒருவனின் சித்தப்பா கராஜ் என்று எங்கே வாசித்தாலும், கேட்க வந்தவர்களில் பாதிப்பேர் அடுத்து வாசிக்கப் போகிறவர்கள். மீதிப்பேர் மழைக்கு ஒதுங்கியவர்கள்.

ஆனால் தாடிக்காரர் போட்டுக் காட்டிய கேசட்டில், தையல் மெஷினைப் படிக்கட்டில் உருட்டிவிட்ட மாதிரி தடதடவென்று ஒரு சத்தம். நடுவில் நீ எலிக்குஞ்சாகக் கீச்சிடுகிறாய். கடைசியில் பாட்டு ஓய்கிற இடத்தில் தூரத்தில் எதுவோ கீச்சிட, ஒரு குழந்தை விறுவிறுவென்று புரியாத பாஷையில் என்னவோ சொல்கிறது, கதவு அறையும் சத்தமும் ஒரு கத்தலுமாக முடிந்துபோகிறது. அது பேய்க் குழந்தையாம். நமக்கு இருக்கும் ரசிகர்களைவிட அதற்கு அதிகமாம். நம் கூட்டத்தில் குழந்தை ஏதடி?

இனி உன் மாமாவைப் பற்றி. பக்கவாதம் வந்ததிலிருந்து அவர் சுவரைப் பார்த்துப் படுத்தவர்தான். வலது கை அசைகிறது, ஆனால் மெதுவாக. பயிற்சி கொடுக்க வரும் பெண், "தட்டுங்க சார், எதையாவது தட்டிக்கிட்டே இருங்க, தானா வந்துடும்" என்று கெஞ்சுவாள். மனுஷன் கதவைக்கூடத் தட்ட மாட்டார். தாடிக்காரர் கட்டில் பக்கத்தில் மண்டியிட்டு, "இந்தக் கைதானா அது?" என்று அந்தக் கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டபோது, மாமா முதலில், "தம்பி, இது நாங்க இல்ல" என்றார். என்ன தன்னடக்கம் என்று டாக்டர் மறுபடி அழுதார். மறுநாள் காலையில் நான் கண் விழித்தால், உன் மாமா உட்கார்ந்து வாளி மூடியைத் தட்டிக்கொண்டிருக்கிறார். "நான் அப்படித்தான் அடிச்சிருக்கேன்டி. நமக்குத்தான் மறந்துபோச்சு" என்கிறார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, கூடவே அந்த வேகம் நம்முடையது இல்லையே என்ற கவலையும்.

டாக்டரும் அவர் சேக்காளிகளும் நம்மை மேடையேற்றியே தீருவது என்று நிற்கிறார்கள். நாள்கூடக் குறித்தாயிற்று. மூவரும் வந்தால்தான் நிகழ்ச்சி, சங்கு இல்லாமல் ஈரச்சுவர் இல்லை என்கிறார்கள். நீ மாட்டேன் என்றால் உன் மாமா திரும்பவும் சுவர் பக்கம் படுத்துவிடுவார். அதுதான் என் பயம், வேறொன்றும் இல்லை. நேற்று அந்தக் கேசட் வேகத்துக்கு ஈடு கொடுக்கப் போய் ஸ்டூலோடு சரிந்துவிட்டார். நல்லவேளை, அழுக்குத் துணிக் கூடையில் விழுந்தார்.

நீ ஏன் பாடுவதை விட்டாய் என்று எனக்குத் தெரியாதா? நீ ஊரை விட்டுக் கிளம்பிய அன்று அம்மா, "இனியாவது இந்த வீட்ல நிம்மதியா இருக்கலாம்" என்று சொன்னது உனக்குள் அப்படியே கிடக்கிறது. அதன்பிறகு குளியலறையில்கூட நீ பாடிக் கேட்டதில்லை என்று உன் வீட்டுக்காரர் சொன்னார். அம்மாவின் சுபாவம் உனக்குத் தெரியாதா? காய்ச்சலிலும் இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைக்காதவள். வேலை நடக்கும்போது அவளுக்கு எல்லாமே இடைஞ்சல்தான். கொஞ்சம் இறங்கி வா, தங்கம்.

உன் நல்ல பதிலுக்குக் காத்திருக்கும்,
அக்கா

*

அன்புத் தங்கச்சிக்கு,

உன் பதில் கிடைத்தது. அத்தனை பெரிய கவரைப் பிரித்தால் உள்ளே ஒரே வரி. "முடியாது அக்கா. பெத்தவளுக்கே பிடிக்காத குரல் ஊருக்கு எதுக்கு?" வாழ்க. சங்கு என்று பேர் வைத்துக்கொண்டு இவ்வளவு சுருக்கமாக ஊத உன்னால்தான் முடியும். உன் மாமாவிடம் காட்டவில்லை. தபால் தாமதம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

கோபத்தில் நான் எழுதுகிறேன் என்று நினைக்காதே. இது வேறு சங்கதி.

நீ வராவிட்டாலும் நாங்களாவது பழகலாம் என்று பரணிலிருந்து என் பேஸ் கிதாரை இறக்கினேன். கேசட்டை ஓடவிட்டு அதன் சுருதிக்குக் கம்பியை முறுக்கினேன். ஏறவில்லை. இன்னும் முறுக்கினேன். "போதும் போதும்" என்று டாக்டர் கிட்டே வந்த நேரம் பார்த்துக் கம்பி படீரென்று அறுந்து, அவர் தாடிக்குள் போய்ச் சுருண்டுகொண்டது. கத்தரிக்கோல் வைக்க அவர் விடவில்லை. இரண்டு பேரும் உட்கார்ந்து சிக்கெடுத்தோம். சிக்கெடுக்கும்போதுதான் எனக்கு மண்டையில் உறைத்தது. நாம் வாசித்த சுருதி எனக்குத் தூக்கத்திலும் தெரியும். இந்தக் கேசட் அதற்கு எங்கேயோ மேலே நிற்கிறது. எந்தக் கம்பியும் அங்கே ஏறாது. அப்படியானால் வேகமாக ஓடியது நாம் இல்லை, நாடா.

உடனே நீதான் ஞாபகத்துக்கு வந்தாய், மகராசி. பதிவுக்கென்று நான் டேப் ரெக்கார்டரில் போட்டு வைத்திருந்த புது பேட்டரியை உருவி, உன் குட்டி ரேடியோவில் போட்டுக்கொண்டாய். ரேடியோவில் இருந்த செத்த பேட்டரியை இதில் சொருகிவிட்டாய். பதிவாகும்போது நாடா சோம்பேறித்தனமாக நகர்ந்திருக்கிறது. மெதுவாகப் பதிந்ததை ஒழுங்கான மெஷினில் போட்டால் தலைதெறிக்க ஓடத்தானே செய்யும்? நாம் அதே பெட்டியில், அதே செத்த பேட்டரியில் போட்டுக் கேட்டதால் நமக்கு வித்தியாசம் தெரியவில்லை. மறுநாளே கேசட்டைத் தூக்கிக் கொடுத்தாயிற்று. உன் திருட்டுப் புத்தியால்தான் நாம் உலகப் புகழ் அடைந்தோம் என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

விஷயத்தைச் சொன்னதும் டாக்டரின் முகம் செத்துவிட்டது. பாட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றி வேகத்தைக் குறைத்துக்கொண்டே வந்தார். நான் கிதாரைத் தட்டிக் காட்டி, இன்னும், இன்னும் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். என் சுருதி வந்து உட்கார்ந்த இடத்தில் உன் மாமா கட்டிலிலிருந்து கத்தினார். "நிறுத்து! அதான்! அதான் நான்!" ஓர் அடி. பிறகு நீண்ட நேரம் ஒன்றுமில்லை. பிறகு இன்னோர் அடி. அவர் வாளி மூடியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு அந்த நோயாளிக் கையால் கூடவே அடித்தார். ஒரு மயிரிழை பிசகவில்லை. "பாத்தியாடி, இந்தக் கை அன்னிக்கும் இதே வேகம்தான்" என்று சொல்லிச் சிரித்தார் பார், அந்தச் சிரிப்பைக் கேட்டு ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. டாக்டரும் சீக்கிரமே தேறிவிட்டார். உலகத்தின் அதிவேகக் கூட்டம் போனால் போகட்டும், உலகத்தின் மந்தக் கூட்டம் கிடைத்துவிட்டது என்று நண்பர்களுக்கெல்லாம் போன் போட்டார்.

அந்தச் சந்தோஷத்தில் யாரும் கம்ப்யூட்டரை நிறுத்தவில்லை. அது பாட்டுக்கு ஓடிக் கடைசிக்கு வந்துவிட்டது. அந்தப் பேய்க் குழந்தை இருக்கிறதே, அந்த இடம்.

தங்கச்சி, அது குழந்தை இல்லை. அம்மா.

நாம் வாசித்த அறைக்குள் வைத்தால் இடியின் அடியில் பதிவு கரகரக்கும் என்று டேப் ரெக்கார்டரைக் கதவுக்கு வெளியே படிக்கட்டில் வைத்தோமே, ஞாபகம் இருக்கிறதா? அந்தப் படியில் அம்மா நின்றிருக்கிறாள். மேல்மாடிக் கணக்கர் எட்டிப் பார்த்து, "கீழ என்னம்மா இப்படி அழுகைச் சத்தம்? யாராவது தவறிட்டாங்களா?" என்று கேட்கிறார். அதற்கு அம்மா சொல்கிறாள், அவள் குரலிலேயே சொல்கிறாள்: "யாரும் தவறல. எஞ் சின்னப் பொண்ணு பாடுறா. பிடிக்கலன்னா ஜன்னலச் சாத்திக்கோங்க. நானே இஸ்திரிப் பெட்டிய அணைச்சிட்டு வந்து நின்னு கேட்டுட்டிருக்கேன்."

அப்புறம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம். அதற்கப்புறம்தான் கதவைப் படாரென்று திறந்து, "போதும் நிறுத்துங்கடி, காது ரெண்டும் போச்சு!" என்று கத்துகிறாள். நமக்குத் தெரிந்த அம்மா அந்தக் கதவிலிருந்துதான் ஆரம்பிக்கிறாள்.

நான் கடை ஷட்டரை இறக்கிவிட்டுத் திரும்பத் திரும்பக் கேட்டேன். அழுது தீர்த்தேன். உன் மாமாவும் அழுதார். டாக்டரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

அதை இந்தக் கவரிலேயே ஒரு பென் டிரைவில் வைத்திருக்கிறேன். ஊரார் காதுகளையெல்லாம் சோதித்துச் சீட்டு எழுதித் தருகிறவள் நீ. உன் ஆஸ்பத்திரியில் அந்தச் சத்தம் புகாத அறை இருக்கிறதே, அதில் போய் உட்கார்ந்து, கதவைச் சாத்திக்கொண்டு கேள். கேட்ட பிறகும் முடியாது என்று தோன்றினால் எழுது, நான் ஏன் என்று கேட்க மாட்டேன்.

நிகழ்ச்சி சாயங்காலம்தான், மாமாவின் மாத்திரை நேரத்துக்கு முன்னால் முடித்துவிடுவோம். கம்பளி எடுத்துக்கொள், விமானத்தில் குளிரும். புது பேட்டரி வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டியிருக்கிறேன், சாவி என் இடுப்பில் இருக்கிறது. நீ கை வைக்க முடியாது.

நீயும் உன் குரலும் நல்லா இருக்கணும். பிடிக்காதவர்கள் ஜன்னலைச் சாத்திக்கொள்ளட்டும். அன்றைக்குக் கடையில் இஸ்திரிப் பெட்டியை நான் அணைத்து வைக்கிறேன். வந்து பாடு.

உன்,
அக்கா