ஜெபச் சீட்டில் எழுதிய ஊர்

மேற்குத் தாம்பரம்,
27 மார்ச் 1977, ஞாயிறு.

அன்புள்ள அசரியா,

ஆண்டவர் கிருபையால் அப்பாவும் நானும் நலம். உன் சைக்கிளும் நலம். வாரம் ஒருமுறை அப்பா அதற்கு எண்ணெய் போட்டுத் துடைக்கிறார். யார் ஓட்டப் போகிறார்கள் என்று நான் கேட்பதில்லை, அவரும் சொல்வதில்லை.

உன் கடிதம் வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்துக்கு வந்தது. எட்டுப் பக்கம். ஆறு பக்கம் தேசத்துக்கு, ஒன்றரைப் பக்கம் தமிழ்நாட்டைத் திட்டுவதற்கு, மீதி அரைப் பக்கம் எனக்கு. ஆசிரியைகள் அறையில் உட்கார்ந்து இரண்டு தடவை படித்தேன். நெருக்கடி நிலை விலக்கப்பட்ட அன்று காலையில் தில்லித் தெருவில் முன்பின் தெரியாத ஒருவர் உன்னைக் கட்டிக்கொண்டு அழுதார் என்றும், பயமில்லாமல் நடப்பதற்குக் கால்கள் இனிமேல்தான் பழக வேண்டும் என்றும் எழுதியிருந்தாயே, அந்த இடத்தை மட்டும் சாராள் டீச்சருக்கு வாசித்துக் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, “புள்ள நல்லா எழுதுறான் டீச்சர். நேரத்துக்குச் சாப்புடறானான்னு கேட்டு எழுதுங்க” என்றார். ஆகவே கேட்கிறேன். சாப்பிடுகிறாயா? கோதுமை உனக்கு ஒத்துக்கொள்கிறதா?

வடக்கே எல்லாரும் விழித்துக்கொண்டபோது நம் ஜனங்கள் மட்டும் நெருக்கடி நிலையைக் கொண்டுவந்தவர்களுக்கே ஓட்டுப் போட்டுவிட்டார்கள், தமிழன் என்று சொல்லவே தலைகுனிவாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். உன் கோபம் புரிகிறது. சிறையில் ஒரு வருஷம் இருந்துவிட்டு வந்தவனுக்குக் கோபப்பட உரிமை உண்டு. ஆனால் ஓட்டுப் போடும் அன்று வரிசையில் எனக்கு முன்னால் நம் தெருவுக்குப் பூ கொண்டுவரும் தனம் நின்றாள். “பஸ்ஸு டயத்துக்கு வருது, ரயிலு டயத்துக்கு வருது. இன்னா கொறச்சல் டீச்சர்?” என்றாள். பக்கத்து வரிசையில் நின்ற உன் அப்பா சும்மா இருப்பாரா? “அதுக்கு முன்னாடி நாங்கல்லாம் இன்னா, தண்டவாளத்துல தூங்கிகினு இருந்தோமா?” என்று கேட்டார். இருபத்திரண்டு வருஷமாக ரயில் ஷெட்டில் வேலை பார்க்கிறவர் அல்லவா, அவருக்கு அது உறைத்துவிட்டது. இரண்டு வரிசையும் சிரித்தது. தனமும் சிரித்தாள். சிரித்துவிட்டு உள்ளே போய்த் தன் இஷ்டப்படி போட்டுவிட்டு வந்தாள்.

அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உன்னைப் போன்றவர்கள் உள்ளே இருந்தது அவளுக்கு எப்படித் தெரியும்? பத்திரிகை சொல்லவில்லை, ரேடியோ சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டிய நானும் சொல்லவில்லை. ஒன்பதாம் வகுப்புக்குக் குடிமையியலில் அடிப்படை உரிமைகள் என்று ஒரு பாடம் உண்டு. போன வருஷம் அந்தப் பாடத்தை அரை மணி நேரத்தில் முடித்தேன். ஒரு பெண் எழுந்து, இந்த உரிமைகளெல்லாம் இப்போது இருக்கின்றனவா என்று கேட்டாள். இது பரீட்சைக்கு வராது, உட்கார் என்று சொன்னேன். நீ அப்போது சிறையில் இருந்தாய். சரித்திரம் படித்துப் பட்டம் வாங்கியவள் உன் தாய். அந்தப் பெண்ணின் முகம் இன்னும் என் முன்னால் நிற்கிறது.

இனி அந்தக் கடைசி அரைப் பக்கத்துக்கு வருகிறேன். இரண்டு நாளாக அதைச் சுற்றிக்கொண்டேதான் இருக்கிறேன்.

தில்லியிலேயே தங்கிவிடப் போவதாகவும், அங்கே படிப்பைத் தொடர உன் சான்றிதழ்களைப் பதிவுத் தபாலில் அனுப்பும்படியும் கேட்டிருக்கிறாய். பெற்ற பிள்ளையைக் காட்டிக்கொடுத்தவர் இருக்கும் வீட்டில் இனிக் காலடி வைக்க மாட்டேன் என்று அதற்குக் கீழே எழுதியிருக்கிறாய். அசரியா, உன்னைக் காட்டிக்கொடுத்தது அப்பா இல்லை. நான்.

முழுவதும் படித்துவிட்டுப் பிறகு கோபப்படு.

நீ கல்லூரியில் துண்டுப் பிரசுரம் அச்சடித்ததாகத் தேடுகிறார்கள் என்று தெரிந்ததும், அனகாபுத்தூரில் தபீதாள் அத்தை வீட்டில் உன்னைக் கொண்டுபோய் விட்டது அப்பாதான். அது உனக்குத் தெரியும். அதனால்தான் அவர் மேல் சந்தேகப்பட்டாய். அந்த இடம் அவருக்கும் அத்தைக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும் என்று நீ கணக்குப் போட்டாய். அந்தக் கணக்கில் என்னை மட்டும் விட்டுவிட்டாய்.

நம் சபையில் புதன்கிழமைதோறும் பெண்கள் கூடி ஜெபிப்பது உனக்குத் தெரியும். அவரவர் பாரத்தை ஒரு சீட்டில் எழுதிப் பெட்டியில் போடுவோம். ஆயரம்மா ஒவ்வொன்றாக எடுத்து உரக்க வாசிப்பார்கள், எல்லாரும் முழங்கால் போட்டு ஜெபிப்போம். பொத்தாம் பொதுவாக எழுதினால் ஆயரம்மாவுக்குப் பிடிக்காது. “பேர் போடுங்க, ஊர் போடுங்கம்மா. யாருக்குன்னு தெரிஞ்சாத்தானே உருகி ஜெபிக்க முடியும்” என்று எப்போதும் சொல்வார்கள். பதினைந்து வருஷமாகப் பெயரும் ஊரும் போட்டே எழுதிப் பழகிய கை இது. நீ போய் மூன்று வாரம் ஆகியிருந்தது. எனக்குத் தூக்கம் இல்லை, யாரிடமும் வாய் திறக்கவும் முடியவில்லை. அந்தப் புதன்கிழமை இப்படி எழுதினேன்: “அனகாபுத்தூரில் தங்கியிருக்கும் என் மகன் அசரியாவை எவர் கண்ணிலும் படாமல் மறைத்துக் காக்கும்படி.”

ஆயரம்மா அதை வாசித்தபோதுதான் என் காதிலேயே அது விழுந்தது. முப்பது பெண்கள் ஆமென் என்றார்கள்.

அவர்களில் ஒருவருக்கும் உன் மேல் கெட்ட எண்ணம் இல்லை. பாட்டுக் குழுவில் இருக்கும் ஞானம்மாளின் கொழுந்தன் போலீஸில் கான்ஸ்டபிள். அவள் வீட்டுக்குப் போன கையோடு அவனிடம், “தம்பி, நம்ம சரோஜினி டீச்சர் புள்ள அனகாபுத்தூர்ல கீறானாம். ஒங்க ஆளுங்க யாரும் கை வெச்சிடாம பாத்துக்க” என்று சொல்லியிருக்கிறாள். நல்லது செய்வதாக நினைத்துத்தான் சொன்னாள். வெள்ளிக்கிழமை உன்னைப் பிடித்தார்கள். சனிக்கிழமை காலையில் அவள் நம் வீட்டு வாசலில் வந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அப்பா அவளுக்குத் தண்ணீர் கொடுத்து, “நீ இன்னாமா பண்ணுவே, வூட்டுக்குப் போ” என்று அனுப்பிவைத்தார். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை.

முதல் தடவை உன்னைப் பார்க்கச் சிறைக்கு வந்தபோது, கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, “அப்பாதானேம்மா?” என்று கேட்டாய். நான் ஆம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. உன் கன்னத்தில் இருந்த வீக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். என் மௌனத்தை நீ பதிலாக எடுத்துக்கொண்டாய். அது எனக்குத் தெரிந்தே இருந்தது.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். அடுத்த தடவை போகும்போது உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றேன். அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டே, “வுடு சரோ. ஸ்ட்ரைக்குக்கு அப்புறம் என்னைத்தான் கருங்காலின்னு எப்பவோ வெறுத்துட்டான். அதுலயே இதையும் சேத்துக்கட்டும். உள்ள இருக்கிற புள்ளைக்கு அம்மான்னு ஒருத்தியாவது வேணும்” என்றார். நான் சரி என்றேன். அதுதான் என் பாவம். அவர் தியாகம் செய்தார் என்று எழுதினால் அவருக்கே பிடிக்காது. நான் சரி என்றேன் என்பதை மட்டும் நீ தெரிந்துகொள்.

எழுபத்து நாலில் ரயில்வே வேலைநிறுத்தத்தின்போது அவர் ஏன் வேலைக்குப் போனார் என்பதை நான் சொல்லப் போவதில்லை. ஒருநாள் நீயே கேள். அவர் சொன்ன பிறகும் அவர் செய்தது தவறு என்று உனக்குத் தோன்றலாம். தோன்றட்டும், அது வேறு.

மாதம் இரண்டு தடவை நான் உன்னைப் பார்க்க வந்தேன் அல்லவா? ஒவ்வொரு தடவையும் அவரும் லீவு போட்டுவிட்டு என்னோடு வந்தார். நீ பார்க்க மறுப்பாய் என்று தெரிந்து, வெளியே பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்திருப்பார். நான் திரும்பி வந்ததும் ஒரே கேள்வி: “எப்படிக் கீறான்?” மெலிந்திருக்கிறான் என்றால் பேசமாட்டார். சிரித்தான் என்றால் தாம்பரம் வரும்வரை பேசிக்கொண்டே வருவார். விடுதலையாகி நீ நேராகத் தில்லிக்கு ரயில் ஏறிவிட்டாய் என்று தெரிந்த அன்று, “அங்க குளுருமே, ஸ்வெட்டர் எடுத்துகினு போனானா?” என்றார். ஓட்டுப் போடுவதற்கு முதல் நாள், உன் கட்சிக்காரர்களுக்கு இங்கே எந்தச் சின்னம் என்று என்னிடம் கேட்டார். சொன்னேன். எதற்குப் போட்டார் என்று நான் கேட்கவில்லை.

ஜனநாயகம் வீட்டில் தொடங்க வேண்டும், விசாரணை இல்லாமல் எவரையும் தண்டிக்கக் கூடாது என்று மூன்றாம் பக்கத்தில் அழகாக எழுதியிருக்கிறாய். அந்த வரியைப் படித்தபோது, ஒரு வருஷமாக விசாரணை இல்லாமல் தண்டனை அனுபவிக்கிற ஒருவர் நம் வீட்டிலேயே இருக்கிறாரே என்று நினைத்தேன். உன்னைக் குத்திக்காட்ட இதை எழுதவில்லை, மகனே. அந்தத் தண்டனையைக் கொடுத்தது நீ மட்டும் இல்லை.

சான்றிதழ்களை இத்துடன் அனுப்புகிறேன். அவற்றை வைத்துக்கொண்டு உன்னை இழுக்க எனக்கு மனம் இல்லை. இங்கே உன் கல்லூரி முதல்வரைப் பார்த்தேன். ஜூனில் வந்தால் மூன்றாம் வருஷத்தில் சேர்த்துக்கொள்வதாகச் சொன்னார். வருவதும் வராததும் உன் விருப்பம். சான்றிதழ்கள் நனையாமல் பிளாஸ்டிக் தாளில் சுற்றி, உறைக்குள் வைத்து, மேலே முகவரி எழுதியது அப்பா. கையெழுத்தைப் பார்த்தாலே உனக்குத் தெரிந்திருக்கும். தெரிந்ததும் பிரிக்காமல் தூக்கி வைத்துவிடாமல் இருக்க வேண்டும் என்று ஜெபித்தேன், இந்த முறை சீட்டில் எழுதாமல்.

உறைக்குள் இந்தக் கடிதத்தையும் வைக்கிறேன் என்பது அவருக்குத் தெரியும். இதில் என்ன எழுதியிருக்கிறேன் என்பது தெரியாது. நான் சொல்லிவிட்டேன் என்பதை நான் அவரிடம் சொல்லப் போவதில்லை. உன்னிடமிருந்துதான் அது அவருக்குத் தெரிய வேண்டும்.

என்மேல் எத்தனை நாள் கோபப்பட வேண்டுமோ அத்தனை நாள் கோபப்பட்டுக்கொள். அடுத்த ஞாயிறு குருத்தோலை, அதற்கு அடுத்தது ஈஸ்டர். ஆண்டவர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. ஒன்றே ஒன்று கேட்கிறேன். இனிமேல் பள்ளிக்கூட முகவரிக்கு எழுதாதே. வீட்டுக்கு எழுது. ஒரு கார்டு போதும். மேலே அப்பா பெயரைப் போடு.

உன் அன்புள்ள அம்மா,
சரோஜினி தனசிங்